கண்டியரசனின் கொடுமையும் வரலாற்றுப் புனைவும்

வரலாற்றுப் புனைவை மதிப்பிடுவோர், அது உண்மையோடு பொருந்துகிறதா என வினவி அமைந்துவிடுதல் வழக்கம். அவ்வுண்மையை முதலில் எழுதிவைத்தோர் யாவர், எந்நலன் கருதி எழுதினர் என்பதே அதனினும் அடிப்படையான வினாவாகும். கண்டியின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனைப் பற்றிய புனைவுகள் இதற்குத் தக்க சான்றாகும்.

1814இல் எகலப்பொலவின் மனைவி மக்கள் கொலைத்தண்டனைக்கு உள்ளாயினர். குழந்தைகளின் தலைகளைத் தாயே உரலிலிட்டு இடிக்க மன்னன் பணித்தான் என்னுங் கதை மக்கள் மரபில் நிலைத்துவிட்டது. கொடுமை நிகழவில்லை என வாதிடுவது எமது நோக்கமன்று. ஆயின், 1815 மார்ச் 2ஆம் திகதிய கண்டி உடன்படிக்கையின் அமைப்பு ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 'மலபார்' மன்னனின் கொடுங்கோன்மை அதன் முதற் பிரிவு; அவன் முடியிழத்தல் இரண்டாவது; அவனுடைய ஆண் உறவினரும் வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்களும் நாட்டினுள் நுழையத் தடை மூன்றாவது. பிரித்தானிய முடிக்கு நாடு உரித்தாவது இவற்றின் பின்னரே. இவ்வாறு ஆக்கிரமிப்பு மீட்பாகத் தோற்றம் பெறுகிறது. உரற்காட்சியை மட்டும் பெருக்கிக் காட்டும் புனைவு, தன்னையறியாமலே அம்முதற் பிரிவுக்கு உரையெழுதுகிறது.

இதற்கு மறுதலையாக, இம்மன்னனைத் 'தமிழரின் இறுதி மன்னன்' எனப் போற்றுவதும் திரிபேயாகும். நாயக்க மன்னர் சிங்களப் பிரதானிகளின் துணையுடன் ஆண்ட நிலமானிய ஆட்சியாளர், பௌத்தத்தைப் புரந்தவர். 1753இல் சீயத்துப் பிக்குகளைக் கொண்டு உபசம்பதையை மீட்டவன் நாயக்க மன்னனாகிய கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனே. பிற்கால இனப் பகைமையை அக்காலத்தின் மீது ஏற்றிக் காண்பது வரலாற்று நோக்காகாது.

இவ்விருவகைப் புனைவுகளும் மறப்பது உழைக்கும் மக்களையே. கண்டி வாவி இம்மன்னன் காலத்தில் இராஜகாரிய ஊழியத்தால் உருவானது. மண் சுமந்த குடியானவனின் குரல் எங்கே? உடன்படிக்கை பிரதானிகளின் உரிமைகளைப் பேணியது. குடியானவனின் ஊழியமோ 1832இல் ஒழிக்கப்படும்வரை தொடர்ந்தது. 'மலபார்' ஆண்களுக்குத் தடை விதித்த அதே ஆட்சி, சில பத்தாண்டுகளுள் கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழ்த் தொழிலாளரை ஆயிரக்கணக்கில் கண்டி மலைகளுக்குக் கொணர்ந்தது. தடைக்கும் அழைப்புக்கும் அடிப்படை ஒன்றே: ஆளுவோரின் நலன்.

நிகழ்காலத்தின் முன்வரலாறாகக் கடந்தகாலத்தைக் காட்டுவதே வரலாற்று நாவலின் பணி என்பது லூகாச்சின் கருத்து. கண்டியைப் பாடுபொருளாக்கும் எமது எழுத்தாளர், மன்னன் கொடியவனா நல்லவனா எனத் தீர்ப்பளிப்பதை விடுத்து, அத்தீர்ப்பு யாருக்குப் பயன்பட்டது எனக் காட்டுவாராயின், மலையகத் தொழிலாளியும் கண்டிக் குடியானவனும் ஒரே வரலாற்றின் மாந்தராகத் தோன்றுவர்.