டில்ட்

கலிஃபோர்னியாவில், அலமீடாவின் பஸிஃபிக் பின்பால் மியூசியத்தில் பழைய இயந்திரங்களைத் தொட்டு ஆடலாம். நுழைவுக் கட்டணத்தோடு சரி. மின்விசைத் துடுப்புகள் 1947-இல் காட்லீப் கம்பெனியின் 'ஹம்ப்டி டம்ப்டி'யில்தான் வந்தன. அதற்குமுன் பந்தின் போக்கை மாற்ற மேஜையை உலுக்கவேண்டும். அளவு மீறினால் 'டில்ட்', ஆட்டம் செத்துவிடும்.

உலுக்காமல் ஆடினேன், பந்து நேரே குழிக்குள். ஆத்திரத்தில் உலுக்கினேன், டில்ட்.

மரபு பற்றிய நம் சச்சரவு முழுக்க இதற்குள் இருக்கிறது. பண்டிதர்கள் யாப்பைக் கண்ணாடிக்குள் பூட்டினார்கள். தொடாதது பழுதாவதில்லை, உயிரோடும் இருப்பதில்லை. நாமோ மேஜையைக் கவிழ்த்து, ஆட்டம் நின்றதைச் சுதந்திரம் என்றோம். எவ்வளவு உலுக்கலாம் என்பதைக் கைதான் கற்கவேண்டும், சூத்திரம் கிடையாது.

பத்து வருஷ விமர்சனத்தில், பாங்க் லெட்ஜர் பழக்கமோ என்னவோ, நான் டில்ட்களை மட்டுமே எண்ணியிருக்கிறேன். ஆடிய கையைப் பார்க்கவில்லை.