பிரசங்கிக்கும் சவேரியார்: சித்திர மரபும் பிரமாணமும்

மலருக்கென்று நம் சபைப் பெரியோர்கள் ஒரு வியாசம் கேட்டபோது, அவர்கள் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாமையாலும், பிரசங்கிக்கும் அர்ச். சவேரியாரை எழுதும் மரபைப் பற்றிப் பேச வேறிடம் வாய்ப்பது அருமையாதலாலும், உடனே இசைந்தேன். முத்துக்குளித்துறையில் அவர் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, மனனம் செய்த தமிழில் செபமந்திரங்களைச் சொல்லிக்கொடுத்த சரித்திரம் அங்கத்தினர் அறிந்ததே.

நம் துறைக்கு மூலப்பிரமாணம், ஆண்ட்வெர்ப் சேசு சபைக் கோயிலின் பிரதான பீடத்துக்காக, அவருக்கு முத்திப்பேறு பட்டமே கிடைக்காதிருந்த 1617-18இல் ரூபன்ஸ் எழுதியதும், அச்சபை கலைக்கப்பட்டபின் 1776இல் மரியா தெரேசா மகாராணி வாங்கியதால் இன்று வியன்னாவில் இருப்பதுமான புதுமைகளின் படமாகும். ஐந்து மீட்டருக்கு மேல் உயர்ந்த அத்திரையில் கறுப்பு அங்கி தரித்த குருவானவர் ஒருபுறம் மேடைமேல் நிற்க, கைநீட்டித் தடவி வரும் குருடர், பிரேதத்துணியோடு எழுந்திருக்கிறவர், தலைப்பாகைக்காரர், கொரிய உடையணிந்தவர் ஒருவர் எனக் கேட்கும் ஜனமே படத்தை நிறைக்கிறது. பின்னே விக்கிரகம் சரிவதாகக் காட்டியது, அயலாரோடு கூடி வாழும் நமக்கு உவப்பன்று. அதை நிற்க விடுவோம். ரோமாபுரியார், 1679இல் மராத்தா இயேசு கோயிலுக்கு எழுதியது உள்பட, அவருடைய மரணத்தையே பெரிதும் விரும்பினர். லிஸ்பனில் ரெயினோசோவின் இருபது படங்களும் கோவாவில் ஃபோஜினியின் வெண்கலப் புடைப்புகளும் தனியே ஆராயத்தக்கவை.

எங்கள் ஆசிரியருக்கு வருகிறேன். தம் பெயரை அச்சிடலாகாதென்பது அவர் கட்டளை; முதியோர்க்கு அதைச் சொல்லவும் வேண்டியதில்லை. தைலவர்ணத்தின் ஆழத்தை அறியப் புதுச்சேரிக் கப்ஸ் கோயிலில் மூன்றாம் நெப்போலியன் அளித்த தேவமாதா படத்தின் முன் எங்களை நிறுத்திய அவர், முகங்களுக்கு மட்டும் கனகசெட்டிக்குளத்துக் கரைக்கே அனுப்பினார். படகு வந்து மீன் ஏலம் நடக்கையில், கூறுகிறவனை நம்பாத கிழவர், பாதி நம்பிய வாலிபன், இடுப்பில் குழந்தையோடு காதை மட்டும் கொடுத்து நிற்பவள் ஆகிய மூவரையும் பிடித்து வராத மாணாக்கனுக்குச் சவேரியாரின் அங்கியில் ஒரு மடிப்புக்கூட எழுத அனுமதியில்லை. பேசுகிறவரை எவனும் எழுதுவான், கேட்கிறவரை எழுது என்பார்.

இக்காலத்தார் எவரையும் சுட்டாமலே சொல்கிறேன். அவர்களுக்கும் அவசரமும் குறைந்த கூலியும் உண்டு. ஆயினும் இன்றைய படங்களில் கேட்பவர் ஒருவருமில்லை. ரோஜா நிறக் கன்னமும் தலைக்குப் பின்னே சூரியோதயமுமாக அவர் ஏகாந்தத்தில் சிலுவையை உயர்த்துகிறார், வெறுங்கால்களை மறைக்க மலர்க்கொத்து, மணியைக் காணோம், தாடி மட்டும் நாவிதர் கையிலிருந்து இப்போதுதான் வந்ததுபோல் இருக்கிறது. பிளெக்ஸில் அச்சாகும்போது ஆசீர்வதிக்கும் விரல்களையும் ஓரத்தில் வெட்டிவிடுகிறார்கள். கேட்பவரில்லாப் படத்தின்கீழ் வளர்ந்த பிள்ளைகளே பிரசங்க வேளையில் கோயிலுக்கு வெளியே நின்று கதைக்கிறார்கள் என்றும், ஒலிபெருக்கி இரட்டித்ததும், பிரசங்கம் பத்து நிமிஷமாகச் சுருங்கியதும், உபதேசியார்களுக்கு மரியாதை குன்றியதும் இதனாலேயே என்றும் நான் சொன்னால் சிலர் நகைப்பர்; நகைக்கட்டும்.

டிசம்பர் 3ஆம் தேதித் திருநாளுக்குப் பதாகை எழுத முன்பணம் கொடுக்குமுன், மூன்று கேட்போராவது படத்தில் இருக்கவேண்டுமென்று பெரியோர்கள் எழுத்தில் நிபந்தனை வாங்குவார்களாக. அம்மூவரில் ஒருவர் நம்பாதவராயிருப்பது அவசியம்.