சிலையா? இசையா?

கலைஞன் கண்மூடியதும் கல்லில் அவனுக்கு உருவம் செதுக்குவோர் பலர். காற்றில் அவன் பாட்டைக் காப்போர் சிலர். அச்சிலருள் ஒன்று, அமெரிக்காவின் ‘மிங்கஸ் பிக் பேண்ட்’ என்னும் ஜாஸ் இசைக்குழு.

ஜாஸ், அடிமைத்தளையில் வாடிய கறுப்பின மக்களின் வழிவந்தோர் வளர்த்த இசை. அதன் தலைசிறந்த படைப்பாளருள் ஒருவர் சார்லஸ் மிங்கஸ் (1922–1979). 1957இல் லிட்டில் ராக் நகரில் கறுப்பின மாணவர் ஒன்பதின்மர் பள்ளிக்குள் நுழையாதபடி படையை நிறுத்தினார் ஆளுநர் பாபஸ். படிக்க வந்த பிள்ளைகளுக்குப் பட்டாளத்தைக் காட்டிய அவரை எள்ளி மிங்கஸ் பாட்டமைத்தார். 1959இல் அது சொல் நீங்கி, இசை மட்டுமாய் இசைத்தட்டில் வந்தது. மறு ஆண்டு வேறொரு நிறுவனத்தின் வழியே சொல்லோடு பதிவாயிற்று.

மிங்கஸ் மறைந்த 1979ஆம் ஆண்டிலேயே ‘மிங்கஸ் டைனஸ்டி’ என்ற குழுவை அமைத்தார் துணைவியார் சூ மிங்கஸ். 1991இல் பிக் பேண்ட் பிறந்தது. நியூயார்க்கில் வாரந்தோறும் பல்லாண்டு அவர் படைப்புகளை இசைத்தது.

இக்குழுவின் சிறப்பு யாது? பழைய இசைத்தட்டைப் படியெடுத்தாற்போல் அது இசைப்பதில்லை. தாளில் எழுதிக் கொடுப்பதினும் பாடிக்காட்டிக் கற்பிப்பதையே விரும்பியவர் மிங்கஸ். கலைஞர் தம் கற்பனைக்கும் இடம் தந்தவர். குழுவும் அந்த இடத்தை அடைக்கவில்லை. குறையும் உண்டு: சிறு குழுவில் சீறிய பாட்டு, பதினான்கு பேர் முழக்கத்தில் சில வேளை சினம் இழந்து சிங்காரமாகிறது. ஆயினும், ஊமைச் சிலையினும் உயிருள்ள பிழை மேலன்றோ!

கூடலூரில் அமர்ந்து நியூயார்க்கை ஏன் பேசவேண்டும்? எங்கள் வட்டாரத்துப் பண்ணைப்புரமும் ஒரு பாவலரைத் தந்தது. பொதுவுடைமை மேடைகளில் உழைப்போர்க்காகப் பாடிய பாவலர் வரதராசன் அவர். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் மலைத்தோட்டத் தொழிலாளரிடையே ஒலித்தது அவர் குரல். தம்பி இளையராஜா பதினான்காம் அகவையில் சேர்ந்து பயின்றதும் அண்ணனின் குழுவில்தான். 1973இல் பாவலர் மறைந்தார். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தது. தம்பியின் புகழ் கடல் கடந்தது. அதில் நமக்குப் பெருமையே. ஆனால் அண்ணனை, தம்பி வரலாற்றின் முன்னுரையாக மட்டும் அறிந்தோர் எத்தனை பேர்!

மேடைப்பாட்டு மேடையில்தான் வாழும். முதியோர் நினைவில் நிற்கும் அவர் பாடல்களைக் கேட்டு எழுதுவோம். ஆர்மோனியம் ஒன்று, டோலக் ஒன்று, பாட விரும்பும் மாணவர் பத்துப் பேர் போதும். குழு ஒன்று எழும். சொல்லை நீக்கி மெட்டை மட்டும் போற்றாது, அவர் கேட்ட கேள்விகளையும் அக்குழு சேர்த்துப் பாடட்டும். கூலி உயர்வு கேட்பவன் இருக்கும்வரை அப்பாட்டு பழையதாகாது. பள்ளத்தாக்கின் ஆசிரியர்களே, இளைஞர்களே, தொடங்குவோமா?