மேலே போக வேண்டிய இடத்தில் இறங்குகிறவர்

மேலே எட்டவில்லை, அதனால்தான் அந்தப் பாடகி பேசியே ஒப்பேற்றுகிறார் என்கிறார்கள். இங்கே தங்கவயல் டீக்கடையில் தொடங்கி, மாரிக்குப்பத்தில் கிளம்பி பெங்களூர் போய்ச் சேரும் காலை ரயில் வரைக்கும் இதே தீர்ப்புதான். சொல்கிறவர்கள் பாட்டுத் தெரியாதவர்களாக இருந்தால் விட்டுவிடலாம். கிறிஸ்துமஸ் டான்ஸுக்கு பேண்ட் வாசித்தவர்களின் பேரப்பிள்ளைகள், கிடாரில் கார்டு பிடிக்கத் தெரிந்தவர்கள், அவர்களே இப்படிக் கேட்டால் எப்படி?

பெயர் போட மாட்டேன். எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல், சொந்தக் காசில் ரெக்கார்டிங் செய்து, காபரே, ஜாஸ், இன்றைய பாப் மூன்றையும் ஒரே மேடையில் கலக்குகிற அந்தப் பாடகியைத் தொடர்ந்து கேட்கிறவர்களுக்குப் பெயர் தேவையுமில்லை. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கை வேறு யாராவது எழுதட்டும். எனக்கு வேண்டியது அவர் எடுக்கும் ஒரே ஒரு முடிவு. மூன்றாவது கோரஸ்.

அநேகமாக எல்லாப் பாட்டிலும் இது நடக்கிறது. முதல் கோரஸில் மெட்டு படிப்படியாக ஏறி உச்ச ஸ்வரத்தில் போய் நிற்கும். இரண்டாவது முறையும் ஏறும். இந்தத் தடவை டிரம்ஸும் சேர்ந்து தள்ளும். மூன்றாவது வரும்போது கூட்டம் முழுக்க மனசுக்குள் அந்த ஏற்றத்தைப் பாடத் தயார். பாப் பாட்டின் வழக்கப்படி அங்கே சுருதியை ஒரு படி கூட்ட வேண்டும், குரலை நாலு அடுக்காகப் போட வேண்டும், விளக்கெல்லாம் எரிய வேண்டும். இவர் என்ன செய்கிறார்? மைக்கை உதட்டுக்கு அருகே கொண்டுவருகிறார். டிரம்மர் குச்சியை வைத்துவிட்டு பிரஷ்ஷை எடுத்திருப்பார். வரியின் முதல் சொல் விழ வேண்டிய இடத்தில் விழாது, அரை இடம் தள்ளி விழும். அதுவும் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் வம்பு சொல்கிற மாதிரி, வெறும் பேச்சாக. அந்த உச்ச ஸ்வரத்தை பியானோ ஒற்றை விரலால் தொட்டுவிட்டு நகர்ந்துவிடும். அவர் பாடவே மாட்டார்.

எட்டவில்லையாம். இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் அதே ஸ்வரத்தில் இரண்டு தடவை நின்றவருக்கு மூன்றாம் தடவை எப்படி எட்டாமல் போகும்? தொண்டை களைத்துவிட்டது என்றால், அடுத்த பாட்டின் நடுவில் சொல்லே இல்லாமல் அதற்கும் மேலே போய் அலட்சியமாகத் திரும்புகிறாரே, அது யார் தொண்டை? கடைசி ஓவரில் மெதுவான பந்து போடுகிறவனைப் பார்த்து, பாவம் தோள்பட்டை வலி என்று நாம் சொல்வதில்லை.

தாமதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதிலும் பழி இருக்கிறது. தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் விழுவது வேறு, தாளத்தைத் தவறவிடுவது வேறு. முதல் சொல்லில் கடன் வாங்கிய நேரத்தை, நடுவில் சொற்களை நெருக்கிப் பிடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடைசிச் சொல்லைச் சரியான இடத்தில் கொண்டுவந்து வைக்கிறார். தொடையில் தட்டிக்கொண்டே கேளுங்கள், தெரியும். இதில் மாட்டிக்கொள்கிறவர்கள் டிரம்மரும் பேஸ் கிடார்காரரும்தான். பாடகிக்காக ஒரு கணம் இரக்கப்பட்டு வேகத்தைக் குறைத்தார்கள் என்றால் தாமதமே காணாமல் போய்விடும், பாட்டு படுத்துவிடும். ஆரம்பகாலப் பதிவுகளில் அப்படித்தான் படுத்தது. இப்போதைய டிரம்மர் நல்ல கல்நெஞ்சக்காரர். வாழ்க.

நம் காது ஏன் இதைத் தப்பாக எடுத்துக்கொள்கிறது? சினிமாதான் காரணம் என்பேன். 1960களிலும் 70களிலும் தமிழ்ப் படத்தில் காபரே என்றால் வில்லனின் கூடாரம், சிவப்பு விளக்கு, சாக்ஸபோன். அந்தக் கிளப் டான்ஸ் பாட்டுக்குள் மட்டும்தான் ஒரு பெண் குரல் மூச்சை விட்டு, தாழ்ந்து, பேசிப் பாட அனுமதி. கதாநாயகி பாடும்போது குரல் நிமிர்ந்து மேலே போயாக வேண்டும். அந்தப் பாட்டுகளுக்கு வாசித்தவர்கள் எழுத்துக் குறிப்பைப் பார்த்து வாசிக்கத் தெரிந்த கெட்டிக்காரர்கள். குறை வாசிப்பில் இல்லை, படம் அந்தக் குரலை எங்கே நிறுத்தியது என்பதில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அதைப் பார்த்துவிட்டு, ஒரு பெண் குரலைத் தாழ்த்தினால் ஒன்று சரசம், இல்லையென்றால் இயலாமை என்று முடிவுகட்டப் பழகிவிட்டோம். கிண்டல் என்று ஒன்று இருப்பது நமக்குத் தோன்றுவதே இல்லை.

காபரே பிறந்ததே கிண்டலுக்கு. 1881இல் பாரிஸின் மான்மார்த்ர் பகுதியில் திறந்த ‘ல ஷா நுவார்’ கவிஞர்களும் ஓவியர்களும் ஊர்ப் பெரிய மனிதர்களை நக்கலடிக்கக் கூடிய சின்ன அறை. 1928இல் பெர்லினில் பிரெக்டும் குர்ட் வைலும் ‘மூன்று காசு நாடக’த்தை மேடையேற்றியபோது பாட்டும் பேச்சும் பாதிப் பாதியாகவே வந்தன. அதையே பு.ல. தேஷ்பாண்டே மராத்தியில் 1978இல் தமாஷா என்ற நாட்டுப்புறக் கூத்தாக மாற்றிக் காட்டினார். அங்கே ஜனம் சிரித்தது.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? தங்கவயல் சுரங்கத்துக்கு நம் முன்னோர் பெரும்பாலும் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். தெருக்கூத்து பார்த்த சனம். கட்டியங்காரன் பாட்டை நடுவில் முறித்துப் பேச்சுக்கு இறங்கி, முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆளைப் பெயர் சொல்லி வம்புக்கு இழுப்பான். மிருதங்கம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும், ஆர்மோனியம் சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கும். அவனுக்குச் சுருதி எட்டவில்லை என்று எந்தக் கிழவியாவது சொன்னதுண்டா? துரியோதனன் உச்சத்தில் பாட வேண்டும், கட்டியங்காரன் இறங்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் ராத்திரி விடியும். இந்தப் பாடகி முதல் இரண்டு கோரஸில் துரியோதனன், மூன்றாவதில் கட்டியங்காரன். தான் கொட்டிய சோகத்தைத் தானே நக்கலடிக்கிறார்.

மைக்கை வைத்து ஏமாற்றுகிறார் என்று இன்னொரு குற்றச்சாட்டு. 1902இலேயே சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் இது, பெங்களூருக்கு மூன்று வருஷம் முன்னால். நாமுமா மைக்கைக் குற்றம் சொல்வது? 1925 வாக்கில் மைக் வைத்து ரெக்கார்டு எடுக்கத் தொடங்கிய பிறகுதான் கடைசி வரிசைக்குக் கத்த வேண்டிய கட்டாயம் தீர்ந்தது. காதோடு பாடுகிற ஜாஸ் பாடகர்கள் வந்தார்கள். மைக் அவருடைய வாத்தியம். இரண்டு விரற்கடை தூரத்தை அவர் எப்படிக் கூட்டிக் குறைக்கிறார் என்று பாருங்கள்: ஏறும்போது தள்ளிப் பிடிக்கிறார், இறங்கும்போது ஒட்டி வைக்கிறார்.

இந்த முடிவுக்கு விலையும் கொடுக்கிறார். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை 30 நொடியாவது கேட்டால்தான் ஒரு கணக்கு விழும். அதனால் இன்றைக்குப் பாட்டுப் போடுகிறவர்கள் கவர்ச்சியான துண்டை முதல் அரை நிமிஷத்துக்குள் திணித்துவிடுகிறார்கள். இவருடைய சாமர்த்தியமோ மூன்றாவது நிமிஷத்தில், அதுவும் ஒரு ஸ்வரத்தைப் பாடாமல் விடுவதில் இருக்கிறது. ரீல்ஸில் வெட்டிப் போட்டால் மொட்டையாகத் தெரியும். இரண்டு கோரஸைக் கேட்காதவனுக்கு மூன்றாவதில் என்ன குறைந்தது என்று புரியாது. தயாரிப்பாளர் என்று ஒருவர் மேலே இருந்திருந்தால் முதல் நாளே இதை வெட்டியிருப்பார். சுயேச்சையாக நிற்பதன் லாபம் அவருக்கு இந்த ஒரு இடத்தில்தான். மற்றபடி ஸ்டுடியோ வாடகை, வேன் வாடகை, வாத்தியக்காரர்களின் பேட்டா எல்லாம் அவர் தலையில்.

அவர் கட்சி என்று சொல்லிக்கொண்டேதான் எழுதுகிறேன், ஆகவே ஜோசியமும் சொல்லிவிடுகிறேன். இன்னும் இரண்டு வருஷத்துக்குள் இந்தப் பேச்சுக் கோரஸைப் பத்துப் பேர் காப்பியடிப்பார்கள். முதல் கோரஸிலேயே பேசத் தொடங்குவார்கள். ஏறிக் காட்டாதவர் இறங்கினால் யாருக்கு உறைக்கும்? அத்தனையும் விழும். சினிமா அவரைக் கூப்பிடும், கூப்பிட்டு அதே பார் காட்சியில் நிறுத்தும். ஒரு முறை போவார், இரண்டாம் முறை போக மாட்டார். ஆங்கிலமும் தமிழுமாகக் கலந்து எழுதுவதை விட்டுவிட்டு முழுக்கத் தமிழுக்கு வருவார் என்றும் நினைக்கிறேன். தமிழில் வினைச்சொல் கடைசியில் வந்து விழுகிறது. ‘வந்தான்’ என்பதா ‘வரவில்லை’ என்பதா, வரி முடிகிற வரை தெரியாது. தாமதமாகப் போய் இறங்குகிறவருக்கு இதைவிட வசதியான மொழி வேறெது? கொஞ்சகாலத்தில் டிரம்ஸையும் கழற்றிவிட்டு பியானோ, பேஸ் இரண்டோடு நிற்பார். அன்றைக்கு எட்டவில்லை கோஷ்டி இன்னும் சத்தமாகப் பேசும், ரசிகர்களில் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போவார்கள், அவர் பாட்டு இன்னும் நன்றாக இருக்கும்.

தங்கவயலுக்கும் ஒருநாள் வருவார். லிட்டில் இங்கிலாந்து என்று பேர் வாங்கிய ஊர். கிளப்புக்குள் துரைமார் ஆடிய காலமும் 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடியதும் எல்லாம் பழைய கதை, கேட்கிற காது இன்னும் மிச்சம் இருக்கிறது. அதுவரை வாரக் கடைசியில் ரயிலேறி பெங்களூர் போய்க் கேட்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூன்றாவது கோரஸில் அவர் விட்ட ஸ்வரத்தை, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, நீங்கள் எடுத்துப் பாடாதீர்கள். போன தடவை என் பின்வரிசையில் இருவர் பாடினார்கள். ஒருவருக்கும் எட்டவில்லை.