நூல் சேர்க்கும் நெறி

நூலகத்துக்கு நூல்கள் விலை, கொடை, மாற்று, சட்டப்படி அளிக்கப்படும் படி என நால்வகையால் வந்து சேரும். இலங்கையில் 1885ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி அச்சகத்தார் அளிக்கும் படிகள் சிற்றூர் நூலகங்களை அடைவதில்லை. தன்னாமுனை போன்ற வாவிக்கரை ஊர்களுக்குப் பெரும்பாலும் எஞ்சுவன விலையும் கொடையுமே. கொடை போற்றத்தக்கது, எனினும் வந்தவற்றையெல்லாம் அடுக்கிவைத்தல் நூல் திரட்டுதல் ஆகாது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டென்பது 1931இல் சீர்காழி அரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளுள் ஒன்று. வாசகரை நோக்காத கொடை அலமாரியையே நிரப்பும்.

மட்டக்களப்பின் தனிச்செல்வமோ கடையில் விலைக்குக் கிடைப்பதன்று. 1962இல் எஃப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' ஏட்டுவழி வந்த நூலேயாம். இத்தகைய ஏடுகளைத் தேடிச் செல்லாத நூலகம் தன் ஊரையே அறியாததாகும்.

ஆயினும் ஏடுகளை ஓரிடத்திற் குவித்தலும் அறிவுடைமையன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் அச்சு நூல்கள் சிலவற்றை மீண்டும் வாங்கலாம். வேறு படியில்லா ஏட்டினை எவ்விலை கொடுத்தும் வாங்கவியலாது. ஆதலின் மூலம் உரியவரிடமே இருக்க, அதன் படியைப் பெற்றுப் பிற நூலகங்களோடு மாற்றிக்கொள்வதே தக்க நெறி. 2005இல் தோன்றிய 'நூலகம்' மின்னூலகத் திட்டம் இந்நெறியின் பயனைக் காட்டியுள்ளது. பொருள் குறைந்த நூலகமும் இதனைக் கைக்கொள்ளலாம், வேண்டுவது முயற்சியே.