ஹாஷ் குறியின் கண்டிப்பு

ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பண்பின் பெயருக்கு முன்னால் ஹாஷ் குறி போட்டால், அது அந்த கிளாஸுக்கு மட்டுமே சொந்தம். வெளியிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே போதும், நிரல் ஓடத் தொடங்கும் முன்பே சின்டாக்ஸ் எரர். பார்க்க லட்சணமான குறி இல்லைதான். எனக்குப் பிடித்தது அதன் கறார்.

முன்பெல்லாம் பெயருக்கு முன் அடிக்கோடு போடுவோம். 'அந்நியர் நுழையக் கூடாது' என்று பலகை மாட்டிவிட்டுக் கதவைத் திறந்தே வைப்பது மாதிரி. டைப்ஸ்கிரிப்டின் பிரைவேட்டும் கம்பைல் ஆகும்வரைதான் காவல். நிஜமாகவே மறைக்க குளோஷர் இருந்தது, 2015இல் வீக்மேப் வந்தது. இரண்டும் வேலை செய்யும். படிப்பவர் பாடுதான் திண்டாட்டம்.

எக்மாஸ்கிரிப்ட் தரத்தில் ஹாஷ் ஏறியது 2022இல். இதில் நான் மிகவும் ரசிப்பது, ஒரே கிளாஸில் பிறந்த இரண்டு ஆப்ஜெக்ட்டுகள் ஒன்றின் அந்தரங்கத்தை மற்றொன்று பார்க்கலாம் என்பது. இரண்டு தொகைகள் சமமா என்று ஒப்பிட, தனியாக ஒரு கெட்டரை வெளியே நீட்ட வேண்டியதில்லை. சதுர அடைப்புக்குள் பெயரைச் சரமாகக் கொடுத்துத் திருட்டுத்தனமாக நுழையவும் முடியாது. ஜேசானாக மாற்றினாலும் தலைகாட்டாது. பிராக்ஸியோடு மட்டும் ஒத்துப்போகாது. அதன் வழியே மெத்தடை அழைத்து, உள்ளே ஹாஷ் பண்பைத் தொட்டால் டைப் எரர்தான். நூலகம் எழுதுகிறவர்கள் இதற்காக இன்னும் முணுமுணுக்கிறார்கள்.