தறியும் தவமும்: வேதாத்திரியாரின் யோக நூல்கள் குறித்து ஒரு திறனாய்வு

யோக நூல் என்பது யாருக்காக எழுதப்பெற்றது என்னும் வினாவைத் தமிழ்த் திறனாய்வு இதுகாறும் பெரிதும் எழுப்பவில்லை. திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் இயமம் முதல் சமாதி ஈறாக எட்டு உறுப்புகளையும் வகுத்துரைக்கின்றது. மூச்சை உள்வாங்குதற்குப் பதினாறும், நிறுத்துதற்கு அறுபத்து நான்கும், வெளிவிடுதற்கு முப்பத்திரண்டும் எனக் கணக்கும் தருகின்றது. எனினும் அப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் தானே மூச்சை அடக்கிப் பழகுதல் வேண்டும் என்பது திருமூலர் கருத்தன்று. ஆசிரியன் வாய்க்கேட்டவன் மறவாதிருத்தற்கு யாத்த பாட்டு அது. இக்காலத்து மலிவுப் பதிப்புகள் பல, அக்கணக்கை மட்டும் பிரித்தெடுத்து, உடல்நலக் குறிப்பாக அச்சிட்டு விற்கின்றன. செய்யுளுக்கு உரியதை உரைநடைக் கட்டளையாக மாற்றிய அளவில் ஆசிரியன் மறைந்தான். எண் மட்டும் எஞ்சியது.

இக்குறையை உணர்ந்து, கற்பிக்கும் உரைநடை ஒன்றை ஆக்க முயன்றோருள் வேதாத்திரி மகரிஷி (1911–2006) தனியே கருதத்தக்கவர். கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்திற் பிறந்தவர். தாமும் தறியில் அமர்ந்தவர். பின்னர் நெசவுத் தொழில் நடத்தியவர். 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவினார். 1984-இல் ஆனைமலை அடிவாரத்து ஆழியாற்றில் அறிவுத் திருக்கோயில் எழுந்தது. அதன்பின் கொங்கு நாட்டு ஊர்கள்தோறும் மனவளக்கலை மன்றங்கள் பரவின. திருப்பூரின் பனியன் தொழிலாளர் கைக்கு யோகநூல் என ஒன்று எட்டுமாயின் அது பெரும்பாலும் இவர் நூலாகவே இருக்கும். ஆதலின் அந்நூல்களை அவ்வாசகரை முன்வைத்து ஆராய்தல் பொருந்தும்.

முதலில் 'எளியமுறை உடற்பயிற்சி'. கைப்பயிற்சி, கால்பயிற்சி, நரம்பு தசைநார் மூச்சுப்பயிற்சி, கண்பயிற்சி, கபாலபதி, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர், உடல் தளர்த்தல் என ஒன்பது பகுதிகள். இவற்றுள் மகராசனமும் கபாலபதியும் ஒழிந்தவை பெரும்பாலும் நாட்டார் வழக்கில் எவர்க்கும் விளங்கும் பெயர்கள். கை, கால், கண் என்று உடலையே தலைப்பாக்கிய இவ்வைப்புமுறை கற்றோர்க்கு வறிதாகத் தோன்றலாம். எனக்கு அஃது இந்நூலின் தலையாய சிறப்பாகப் படுகின்றது. ஓவர்லாக் பொறியின்முன் முதுகு வளைந்து அமர்ந்திருப்பவர்க்கும், குழல்விளக்கின் கீழே துணியில் ஓட்டை தேடும் செக்கிங் பெண்ணுக்கும், வெட்டுமேசையின் அருகே நாள்முழுதும் நிற்பவர்க்கும் நோவது எதுவோ அதன் பெயராலேயே பாடம் தொடங்குகின்றது. மூச்சை நெடிது அடக்கும் கணக்கு முதற்படியில் இல்லை. தறியில் அமர்ந்தவன் எழுதிய நூல் என்பதை ஏட்டில் எங்கும் சொல்லாமலே அறியலாம்.

ஆனால் நூல் கேளாமல் விட்டது ஒன்றுண்டு, அஃது இடம். கால்பயிற்சிக்குத் தரையில் அமர வேண்டும். மகராசனத்திற்கு ஆள்நீளம் படுக்க வேண்டும். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் திரும்பும் தொழிலாளி, நால்வரோ ஐவரோ பங்கிட்டுக்கொள்ளும் வாடகை அறையில் அந்த ஆள்நீளத்தை எங்குப் பெறுவார்? ஆசனம் என்பது அசையாமலும் இனிதாகவும் இருத்தல் என்று பதஞ்சலி வரையறுத்தார். அசையாமல் இருத்தல் பன்னிரண்டு மணிநேரமும் இவர்க்கு வாய்த்திருக்கின்றது, இனிமைதான் வாய்க்கவில்லை.

அடுத்து, மனவளக்கலையின் அகத்தாய்வுப் பகுதி. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், நான் யார் என ஐந்து பாடங்கள். இங்கு வினைச்சொற்களை நோக்குக. எண்ணத்திற்கு ஆராய்தல், சினத்திற்குத் தவிர்த்தல், கவலைக்கு ஒழித்தல், ஆசைக்கு மட்டும் சீரமைத்தல். வள்ளுவர் வெகுளாமையையும் அவாவறுத்தலையும் துறவறவியலில் வைத்தார். வேதாத்திரியார் அவ்விரண்டையும் இல்லறத்தானுக்கு உரியனவாக்கி, 'அறுத்தல்' என்ற கடுஞ்சொல்லைச் 'சீரமைத்தல்' என்று தணித்தார். இது சொல்மாற்றம் அன்று, கொள்கைமாற்றம். கூலி வாங்கிக் குழந்தையைப் படிக்கவைக்க விரும்புபவனிடம் அவாவை அறு என்று சொல்லும் யோகநூல் அவனுக்குப் பயன்படாது என்பதை அவர் தெளிந்திருந்தார். தமிழ் அறநூல் மரபில் இம்மாற்றத்தின் பெருமை இன்னும் உரியவாறு மதிப்பிடப்பெறவில்லை என்பது என் துணிபு.

'வான்காந்தம்', 'சீவகாந்தம்' முதலிய சொற்களைக் குறித்து விரிக்க வேண்டுவதில்லை. பௌதிகத்தின் சொல்லை எடுத்துத் தம் பொருளில் வழங்குகின்றார். பௌதிகம் பயின்றவர் மயங்குவர். பயிலாதவர் அறிவியல் இதனை நிறுவிவிட்டது என்று கொள்வர். இரண்டும் நூலுக்கு நன்மை செய்யா.

இனிக் கவலை. இப்பாடத்தில் அவர் சிக்கல்களை நால்வகைப்படுத்துகின்றார்: அனுபவித்தே தீர்க்க வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியப்படுத்த வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. தெளிவும் பயனும் உடைய பாகுபாடு. இதனைத் திருப்பூரில் வைத்துப் பார்க்கும்போதுதான் இதன் எல்லை புலனாகின்றது. ஆழியாற்றில் திருக்கோயில் எழுந்த அதே 1984-இல் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். இரண்டிற்கும் தொடர்பு இல்லை. ஆண்டு ஒன்றாயிற்று, அவ்வளவே. எனினும் திறனாய்வாளன் கேட்கலாம்: பஞ்சப்படிக் கவலை அந்நான்கனுள் எதன்பாற்படும்? தனியொருவன் உடனே தீர்க்கக் கூடியதன்று. தள்ளிப்போட்டால் கடன் ஏறும். அலட்சியம் செய்ய உலை இடங்கொடாது. அனுபவித்துத் தீர்க்கலாம் எனின், தீராது. பலர் கூடினாலன்றித் தீராத சிக்கல் என ஓர் ஐந்தாம் வகை இப்பாகுபாட்டில் இல்லை.

இவ்விடைவெளி தற்செயலானது அன்று என்றே கருதுகின்றேன். தனிமனித அமைதியின் வழியே உலக அமைதி என்பது வேதாத்திரியாரின் அடிப்படைக் கோட்பாடு. ஒரு முனையில் மனிதன், மறுமுனையில் உலகம். இவ்விரண்டிற்கும் இடையே குடும்பத்திற்கு அவர் நூல்களில் நிறைந்த இடமுண்டு. கணவன் மனைவி நல்லுறவு பற்றி அவர் எழுதியவை நயமானவை. தொழிற்கூடத்திற்கு அத்தகைய இடம் இல்லை. நெசவாளியாகவும் நெசவு முதலாளியாகவும் வாழ்ந்தவர் ஒருவரின் அகத்தாய்வில் கூலி ஒரு பாடமாக அமையாதது வியப்பே. தாம் அமைத்ததற்குச் 'சங்கம்' எனவே பெயரிட்டார். திருப்பூரில் அச்சொல்லைக் கேட்கும் தொழிலாளிக்கு முதலில் நினைவிற்கு வருவது வேறொன்று.

இத்தகைய நூல்களைப் பதிப்பிப்போர் இனி மற்றொன்றும் எண்ண வேண்டியிருக்கின்றது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து அதே பொறிகளின்முன் அமர்ந்திருப்போர் இன்று பலர். கைப்பயிற்சி, கால்பயிற்சி என்ற பெயர்களின் எளிமை தமிழ் படிக்கத் தெரிந்தவர்க்கே எளிமை.